பழைய ஸ்கூட்டரில் கை வைக்கிறவர்கள் விடுகிற பிழைகள்

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் பெற்றோலுக்குக் கியூ, பிறகு கியூ.ஆர். கோட்டில் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த நாட்களில்தான் கொழும்பில் பலர், வீட்டுப் பின்பக்கம் சாக்கால் மூடிக் கிடந்த ஹொண்டா சி-90ஐயும் பஜாஜ் ஸ்கூட்டரையும் வெளியே இழுத்தார்கள். யாரிடமும் தொழில் பழகாமல், யூடியூபைப் பார்த்துக் கழற்றத் தொடங்கியவர்கள் நிறைய. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பழைய வண்டியைத் திறந்து பார்த்தால், வயதால் கெட்டதைவிட முன்பு திருத்தியவர்களின் கையால் கெட்டதுதான் கூடுதலாகக் கண்ணில் படும். அந்த வரிசையில் நீங்களும் சேராமல் இருக்கத்தான் இது.

முதல் பிழை, என்ன கோளாறு என்று பார்க்குமுன் எஞ்சினைக் கழற்றுவது. ஸ்டார்ட் ஆகாத வண்டியிடம் கேட்க மூன்றே கேள்விகள்: புளக்கில் கரண்ட் வருகிறதா, காபரேட்டருக்குப் பெற்றோல் வருகிறதா, கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கம்) இருக்கிறதா. புளக்கைக் கழற்றி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் படும்படி வைத்துக் கிக் பண்ணிப் பாருங்கள். புளக் ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே தேங்கிய பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரிக் கடற்காற்று அடிக்கிற இடத்தில் வருடக்கணக்கில் நின்ற வண்டி என்றால், பெரும்பாலும் பொயின்ட் (புளக்குக்குக் கரண்டை விட்டுவிட்டு அனுப்புகிற தொடுமுனை) முகத்தில் படலம் பிடித்திருக்கும். நைசான மணல்தாளால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் போதும். சி-90க்கு அது 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். அதற்குப் பிறகும் கரண்ட் இல்லையென்றால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஹெட்டைத் தொட வேண்டிய கட்டம் இன்னும் வரவில்லை.

அடுத்தது ஆயுதங்கள். ஜப்பான் வண்டியின் எஞ்சின் மூடியில் இருக்கிற நட்சத்திர ஸ்குரூவும் சாதாரண நட்சத்திர ஸ்குரூ ட்ரைவரும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. ஜப்பான் அளவில் செய்த ஸ்குரூவின் தலையில் பல சமயம் ஒரு சிறு புள்ளி இருக்கும். வழக்கமான ட்ரைவர் அதன் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலே ஏறி, தலையைத் தின்றுவிடும். சி-90இன் பக்க மூடியில் இப்படித் தேய்ந்துபோன ஸ்குரூவைப் பார்த்தால், எத்தனை பேர் அதில் பலம் காட்டியிருக்கிறார்கள் என்று விளங்கும். ஜப்பான் அளவு ட்ரைவர் ஒன்றும், சுத்தியலால் தட்டித் திருப்புகிற இம்பெக்ட் ட்ரைவர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம்.

பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் என்று பிரித்தானிய வண்டியில் ஆசை உள்ளவருக்கு வேறு தலைவலி. இரண்டாம் உலகப் போரில் ஓடிய பி.எஸ்.ஏ. எம்-20 போன்றவற்றில் நட்டுகள் விட்வர்த் என்ற பழைய பிரித்தானிய அளவில் இருக்கும். மில்லிமீற்றர் ஸ்பெனர் "கிட்டத்தட்ட" பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலைகளை உருட்டிவிடும்.

ஸ்கூட்டர் சில்லு விஷயத்தில் உடம்புக்கே ஆபத்து. வெஸ்பா, பஜாஜ் ரிம் இரண்டு பாதியாக வரும். அதில் இரண்டு வகை நட்டுகள் இருக்கின்றன: ஒன்று சில்லை டிரம்மோடு பிடிப்பது, மற்றது ரிம்மின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பது. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் பாதிகள் தெறித்து வரும், கையோ முகமோ போகும். எந்த நட்டு எது என்று யோசிக்கத் தேவையில்லாத வழி ஒன்று உண்டு. சில்லில் கை வைக்குமுன் வால்வைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். பஞ்சர் ஒட்ட மட்டும்தானே என்றாலும் சரி.

இனி, டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களில் அதிகம் பணம் கரைகிற இடம். வண்டி புகைக்கிறது, உடனே "ரிங் போய்விட்டது, ரீபோர் பண்ணு" (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கு) என்று யாராவது சொல்வார்கள். சிலிண்டரைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், புதுப் பிஸ்டன் போட்டுத் திரும்பி வந்தால் அதே புகை. காரணம் பல தடவை கிரேங்கின் ஒயில் சீல், அதாவது எஞ்சினுக்குள் சுழல்கிற தண்டைச் சுற்றி ஒயிலையும் காற்றையும் தடுக்கிற ரப்பர் வளையம். அந்த சீல் இரண்டு பக்கமும் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு விதமாகக் கெடும். கிளச் பக்கத்து சீல் போனால் எஞ்சின் கியர் ஒயிலை உறிஞ்சி எரிக்கும்: அடர்த்தியான புகை, புளக் ஒயிலில் நனைந்திருக்கும். இதை நிச்சயப்படுத்த ஓர் எளிய சோதனை உண்டு. பெரிய உடம்பு (லார்ஜ் பிரேம்) வெஸ்பாவுக்குக் கியர் ஒயில் 250 மில்லிலீற்றர். அளந்து ஊற்றி, சில நூறு கிலோமீற்றர் ஓடி, அளவுக் குவளை ஒன்றில் வடித்துப் பாருங்கள். தரையில் ஒழுக்கு இல்லாமல் ஒயில் குறைந்திருந்தால் அது போன வழி சீல்தான். மெக்னட் (கரண்ட் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) பக்கத்து சீல் போனால் புகை வராது, காற்று உள்ளே வரும். அக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். கேபிள் சிக்கவில்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் சரியென்றால் காபரேட்டர் ஜெட்டை (பெற்றோல் போகிற சிறு துளை) மாற்றி விளையாட வேண்டாம். காற்றுக் கூடி எரிகிற எஞ்சினில் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும்.

கிளச் பக்கத்து சீலை மாற்ற எஞ்சினை இரண்டாகப் பிரிக்க வேண்டிவரும். எப்படியும் பிரிக்கிறீர்கள் என்றால் இரண்டு சீலையும், பெயாரிங்கையும் சேர்த்து மாற்றுவதுதான் கணக்கு. மெக்னட்டை எடுக்கப் புள்ளர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். சுத்தியலால் அடித்து எடுக்கலாம் என்கிறவரிடம் உங்கள் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெற்றோலோடு ஒயில் கலக்க வேண்டும், அந்தக் கலவையிலும் ஒரு மூடநம்பிக்கை ஓடுகிறது: "கூட ஊற்றினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு." 2 சதவீதம் கேட்கிற எஞ்சினுக்குப் பெற்றோல் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், அவ்வளவுதான். ஒயில் கூடும்போது அதே ஜெட் வழியாகப் போகிற பெற்றோல் குறையும். சைலன்சர் கரியால் அடைபடும், இழுவை போகும், பிறகு அதற்கும் காபரேட்டரைக் குற்றம் சொல்வோம். இன்னும் பழைய மொடல்கள் 5 சதவீதம் கேட்கும் என்பதால், உங்கள் வண்டியின் கைநூலைத்தான் நம்ப வேண்டும், ஷெட்டில் நிற்கிறவரை அல்ல.

சி-90க்கு வேறு விதி. அதன் கிளச் எஞ்சின் ஒயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. காருக்கான மெல்லிய, எரிபொருள் மிச்சம் பிடிக்கிற ஒயில்களை ஊற்றினால் கிளச் வழுக்கலாம். போத்தலில் ஜாஸோ எம்.ஏ. (ஒயிலில் ஓடும் பைக் கிளச்சுக்கு ஏற்றது என்ற குறி) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு வோல்ட் வண்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் பற்றரியை மட்டும் மாட்டுவதும் வேலைக்காகாது, சார்ஜும் ஏறாது, பல்புகளும் போகும். கறள் பிடித்த பெற்றோல் டாங்கை வெல்டிங் பட்டறையில் நேரே கொடுப்பதைப் பற்றி என்ன சொல்ல? காலியான டாங்கில் இருக்கிற ஆவிதான் வெடிக்கும்.

பெயின்ட் அடிக்கிற ஆசை எல்லோருக்கும் முதலில் வரும். வெஸ்பாவுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, அதன் தகட்டு உடம்புதான் சட்டகம். கால் வைக்கிற தட்டின் ரப்பர் பாயை உயர்த்திப் பாருங்கள். கறள் தின்ற இடத்தில் புட்டி பூசி மறைத்தால் வண்டி அழகாக இருக்கும், ஒரு பள்ளத்தில் விழும்வரை. சுரண்டும்போது சேசிஸ் நம்பரில் அரைக்கும் மெஷினைப் பட விடாதீர்கள். அந்த நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். வேறு எஞ்சின் மாட்டினால் அதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். நம்பர் தேய்ந்த வண்டியை விற்கப் போகும்போதுதான் அந்தப் பளபளப்பின் விலை தெரியும்.

கடைசியாக ஒன்று: கழற்றிய பழைய பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள். பஞ்சிகாவத்தைக் கடைகளில் படத்தைக் காட்டிக் கேட்டால், "தம்பி, பழசக் கொண்டு வாங்கோ, பாத்துச் சொல்றன்" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பஜாஜ் 1971வரை பியாஜியோவின் அனுமதியோடு வெஸ்பாவைச் செய்தது, அதன் பிறகும் அதே சாயலில் சேட்டக் ஸ்கூட்டரைச் செய்தது. ஒன்றுபோலத் தெரிகிற பாகங்கள் நிறைய, எல்லாம் பொருந்துகிறவை அல்ல. புதுசையும் பழசையும் கடை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பற்களை எண்ணி, ஓட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.