காசு கொடுத்து வாங்கிய சிடி ஓடாதபோது

உவர்மலை வீட்டு அலுமாரியில் 2003 இல் மாமா கொழும்பிலிருந்து வாங்கித் தந்த கேம் சிடி ஒன்று இருக்கிறது. பெட்டி, கையேடு எல்லாம் அப்படியே. போன மாதம் மகன் அதை விண்டோஸ் 10 லேப்டாப்பில் போட்டான். இன்ஸ்டோல் ஆனது, ஆனால் ஐகனை அழுத்தினால் ஒன்றுமே திறக்கவில்லை. "அப்பா, இது கள்ளச் சிடியோ?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது.

சிடியில் பழுதில்லை. அதிலிருந்தது சேஃப்டிஸ்க் என்ற பூட்டு. வட்டில் வேண்டுமென்றே கெட்ட செக்டர்களை, அதாவது சரியாக வாசிக்க முடியாத சிறு பகுதிகளை, வைத்திருப்பார்கள். சாதாரணமாகப் பிரதி எடுத்தால் அவை சரியாக வராது. அசல் வட்டுத்தானா என்று பார்க்க, விண்டோஸுக்குள் ஓடும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், 2015 இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்பதே இல்லை.

பூட்டை உடைத்த பிரதி வைத்திருப்பவனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. காசு கொடுத்தவன்தான் வெளியே நிற்கிறான். இது பெரிய அநியாயம்.

வைரஸ் பயத்தில், பூட்டை உடைக்கும் கிராக் தேடவில்லை. பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜி என்ற இணையக் கடையில் அதே கேம் தள்ளுபடியில் கிடைத்தது. சரி, இரண்டாம் தரமும் காசு. ஆனால் இணையம் இல்லாமலே இன்ஸ்டோல் செய்யக்கூடிய 'ஒஃப்லைன் இன்ஸ்டோலர்' என்பதையே இறக்குங்கள். இரவு டேட்டாவில் இறக்கி, பென் டிரைவில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று வைத்தேன். அப்புறம் வைஃபையை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். ஓடியது. மகன் இரவுச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை.