காரைப் பூட்டினனீங்களோ? நோர்வேக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, மின்காரின் திறப்பைப் பற்றி

2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் கிட்டத்தட்டப் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். ஆகவே நீங்கள் வாங்கப்போவதும், பழையதாக இருந்தாலும், ஈஎல், ஈகே போன்ற எழுத்துகளில் தொடங்கும் இலக்கத்தகடு உள்ள மின்காராக இருக்கக்கூடும்.

அலுவலக வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் லைசென்ஸ் மூன்று மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை இரண்டும் இங்கே எடுக்க வேண்டும். கார் கை மாறும்போது விற்பவரும் வாங்குபவரும் வீதித் திணைக்களத்தின் இணையத் தளத்தில் பாங்க்-ஐடி என்ற மின்னணு அடையாளத்தால் ஒப்பமிட வேண்டும், காப்புறுதியும் போட வேண்டும். வீதிக் கட்டணத்துக்குக் கண்ணாடியில் ஆட்டோபாஸ் பெட்டி. இதெல்லாம் உங்கள் சித்தப்பாவோ மச்சானோ வந்த கிழமையே சொல்லித் தருவார்கள். திறப்பைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

ஊரில் திறப்பு என்றால் கையில் ஒரு பாரம் இருக்கும். அப்பாவின் பழைய ஒஸ்டின் ஏ-40 கார் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில்கூட, இறங்கினால் கதவைப் பூட்டி, கைப்பிடியை ஒருதரம் இழுத்துப் பார்த்து, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத்தான் நடப்பார். இங்கே வாங்கும் காருக்கு மூன்று விதமான திறப்பு இருக்கலாம். ஒன்று ரிமோட். இரண்டு, வங்கி அட்டை மாதிரி மெல்லிய அட்டை. மூன்று, உங்கள் போன். டெஸ்லா மொடல் 3 வந்தபோது பெட்டிக்குள் இரண்டு அட்டைதான் கொடுத்தார்கள். ரிமோட் வேண்டுமென்றால் தனிக் காசு.

அட்டையில் பேட்டரி கிடையாது. காரில் உள்ள வாசிப்பானின் மின்சாரத்தையே வாங்கி வேலை செய்கிறது. மைனஸ் இருபதில் போன் செத்தாலும் அட்டை சாகாது. ஆனால் தொட வேண்டிய இடத்தில் தொட வேண்டும். மொடல் 3இல் அது சாரதி பக்கத்து முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள தூணில், கமராவுக்குக் கீழே. இங்கே சாரதி இருப்பது இடப்பக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள். நம்மவர்கள் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் போய் நின்று, பனிக்குள் அட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் காரைத் திட்டுவதைக் கண்டிருக்கிறேன். நானும் தேய்த்தவன்தான். சில பிவைடி கார்களில் சாரதி பக்கத்துக் கண்ணாடியில் தொட வேண்டும். அட்டையைப் பர்சிலிருந்து வெளியே எடுத்துத் தொடுங்கள். மற்ற வங்கி அட்டைகளோடு சேர்ந்திருந்தால் வாசிப்பான் குழம்பும். போன் சார்ஜ் ஆகும் தட்டில் மறந்து விட்டால் அட்டை பழுதாகவும் கூடும்.

சரி, எங்களுக்கு நடந்ததற்கு வருகிறேன்.

போனைத் திறப்பாக வைத்திருந்தால், நீங்கள் காரை விட்டு நடக்க நடக்க அது தானாகவே பூட்டிக்கொள்ளும். ஒரு வருடம் அப்படியே பழகிவிட்டது. போன மாசியில் போன் பனிக்கட்டியில் விழுந்து உடைந்து திருத்தக் கொடுத்திருந்தேன். அட்டையால் திறந்து, அட்டையாலேயே காரை எழுப்பி, மகனைச் சனிக்கிழமை மிருதங்க வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு, வழியில் கடையடியில் நிறுத்தினேன். பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்ததும் மனைவி திரும்பிப் பார்த்தா.

"காரைப் பூட்டினனீங்களோ?"

"அது தன்ரபாட்டுக்குப் பூட்டும்" என்றேன், பெரிய விண்ணன் மாதிரி.

பூட்டவில்லை. அட்டை உங்கள் பையில் இருப்பது காருக்குத் தெரியாது. தொடும்போது மட்டும்தான் தெரியும். நீங்கள் நடந்து போனதும் அதற்குத் தெரியாது. அட்டையால் திறந்தால் இறங்கியபின் அட்டையை மறுபடி அந்தத் தூணில் தொட்டுத்தான் பூட்ட வேண்டும். கையேட்டில் எழுதித்தான் இருக்கிறது. நான்தான் வாசிக்கவில்லை. திறந்து கிடக்கிறது என்று எச்சரிக்க வேண்டிய செயலியோ திருத்தக் கொடுத்த போனுக்குள்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தோம். பின்னாலிருந்த மிருதங்கம் இல்லை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது, சரக்கில் போட்டால் தோல் வெடித்துவிடும் என்று விமானத்தில் காலடியில் வைத்துக் கொண்டுவந்த மிருதங்கம். பக்கத்தில் கிடந்த என் மடிக்கணினிப் பையைத் தொடவில்லை. உறை பெரிதாக இருந்ததால் ஏதோ விலையான சாமான் என்று நினைத்திருப்பான் போல.

பொலிஸில் முறைப்பாடு பதிந்தோம். காப்புறுதிக் கம்பனி கேட்ட முதல் கேள்வி, கண்ணாடி உடைந்ததா, கதவில் கீறல் உண்டா? இல்லை. அப்படியானால் பூட்டாத கார். ஒரு சதமும் தரவில்லை. எரிச்சல் வந்தது, ஆனால் ஒப்பந்தத்தில் நான்தான் ஒப்பமிட்டிருக்கிறேன்.

ஆகவே அப்பா செய்தது போலக் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள் என்று சொல்லலாம் என்றால், சில கார்களில் போன் கிட்ட இருந்தால் இழுத்ததும் திறந்துவிடும்! நான் பக்கக் கண்ணாடிகள் மடிகின்றனவா என்று பார்க்கிறேன். பூட்டும்போது கண்ணாடி மடியும்படியும் ஒலி எழுப்பும்படியும் அமைப்பில் போட்டுக்கொள்ளலாம்.

ரிமோட்தான் நல்லது என்று முடிவெடுத்தால் அதற்கும் ஒரு தொல்லை உண்டு. பையில் இருந்தாலே கதவு திறக்கும் வகை ரிமோட்டை வாசலில் சப்பாத்துத் தட்டுக்கு மேல் தொங்க விடாதீர்கள். கள்ளர் வெளியே நின்று அதன் சிக்னலை நீட்டிக் காரைத் திறந்துகொண்டு போகிறார்கள். ஜெர்மனியின் வாகனச் சங்கமான ஏடிஏசி நூற்றுக்கணக்கான கார் மாதிரிகளை இப்படித் திறந்து காட்டியிருக்கிறது. இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் போட்டு வையுங்கள். டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கதவை இழுங்கள். திறந்தால் டின் சரியில்லை. எங்கள் வீட்டில் பிஸ்கட் டின் தோற்றது, மைத்துனி தந்த தேயிலை டின் தாங்கியது.

பழைய கார் வாங்கும்போது அட்டை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். திரையில் திறப்புகளின் பட்டியலைத் திறந்து, முந்தைய சொந்தக்காரரின் போனும் அட்டையும் அதில் இருந்தால் அவர் முன்னாலேயே அழியுங்கள். அவருடைய கணக்கிலிருந்தும் கார் நீங்க வேண்டும். அதுவரை காசைப் போடாதீர்கள்.

மகன் இப்போது ஆசிரியரின் பழைய மிருதங்கத்தில் படிக்கிறான். நான் பழைய சாமான் விற்கும் ஃபின் இணையத் தளத்தில் 'ட்ரொம்மே', அதாவது மேளம், என்று நோர்வேஜிய மொழியில் போட்டு இன்னும் தேடுகிறேன். ட்ரம் செட்டுகள்தான் வருகின்றன.