இலங்கைச் சுற்றுலா: திட்டம் போடும்போதே நடக்கும் தவறுகள்

இலங்கைக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் இடங்களில் இருந்துதான் தொடங்குகிறார்கள். சீகிரியா, கண்டி, எல்ல, யால, மிரிஸ்ஸ என்று எழுதி வைத்துக்கொண்டு, விமானக் கட்டணம் குறைகிற தேதிக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். கோளாறு அங்கேயே ஆரம்பம். இந்தத் தீவைப் பொறுத்தவரை முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். இடமெல்லாம் அப்புறம்தான்.

இலங்கைக்கு இரண்டு பருவமழை. இரண்டும் ஒரே பக்கத்தில் கொட்டுவதில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸ பக்கத்தை நனைக்கும். அதே மாதங்களில் கிழக்குக் கரையில் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் நல்ல வெயில் அடிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழ். அக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் மழை பெய்யலாம், புயலும் வரலாம். மழையில் நனைவதுகூடப் பெரிய விஷயமில்லை. பருவம் தவறிப் போனால் கடல் கொந்தளிக்கும், இழுப்பும் அதிகம், குளிக்கவே முடியாது. திமிங்கலம் பார்க்கும் படகுப் பயணமும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, மே மாதத்துக்குப் பிறகு திருகோணமலை. ஒரே பயணத்தில் இரண்டு கரையையும் சேர்க்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று கெடும். மாதத்தைப் பார்த்து ஒரு கரையை விட்டுவிடுவது நல்லது.

விலங்குகளைப் பார்ப்பதற்கும் இதே விதிதான். மின்னேரியா தேசியப் பூங்காவின் குளக்கரையில் ஜூலை முதல் அக்டோபர் வரை நூற்றுக்கணக்கான யானைகள் ஒன்றாகக் கூடும். மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய குளம் அது. வறண்ட காலத்தில் நீர் வற்ற வற்ற, குளத்தின் படுகையில் இளம்புல் முளைக்கும். யானைகள் அதைத் தேடித்தான் வருகின்றன. குளத்தில் நீர் நிறைந்து நின்றால் புல் இருக்காது. புல் இல்லாத இடத்தில் யானைக்கு என்ன வேலை? பக்கத்தில் உள்ள கவுடுல்ல பூங்காவுக்குப் போய்விடும். ஆகவே மாதங்களுக்கு முன்பே ஒரு பூங்காவின் பெயரைச் சொல்லிப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பகுதியில் தங்கிக்கொண்டு, யானைகள் இப்போது எங்கே நிற்கின்றன என்று ஜீப் ஓட்டுநரிடம் அன்றைக்குக் கேட்டுப் போனால் போதும்.

சிறுத்தை என்றதும் எல்லோரும் யால தேசியப் பூங்காவின் முதல் வட்டாரத்துக்கே (Block 1) ஓடுகிறார்கள். வறட்சியின் காரணமாக அந்த வட்டாரத்தை வழக்கமாக செப்டம்பர் வாக்கில் சில வாரங்கள் மூடிவிடுவார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. திறந்திருக்கும் நாட்களிலும் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் முண்டியடிக்கும் காட்சி எனக்குப் பிடிப்பதில்லை. வடமேற்கே வில்பத்துவிலும் சிறுத்தைகள் உண்டு, நெரிசல் குறைவு. யானை மட்டும் போதும் என்றால் உடவளவவில் ஆண்டு முழுவதும் பார்க்கலாம். யானை மேல் சவாரி செய்யும் ஆசையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது தூரக் கணக்கு. பரப்பளவில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதிதானே, நாளுக்கு ஓர் ஊர் பார்த்துவிடலாம் என்று தோன்றும். தெற்கில் அதிவேக நெடுஞ்சாலை இருக்கிறது, சரி. மலைநாட்டிலோ வளைவுக்கு மேல் வளைவு. கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயிலில் ஆறேழு மணி நேரம் ஆகும். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் மூன்று ஊர்களுக்கு மேல் வேண்டாம். அந்த ரயிலின் முன்பதிவு முப்பது நாட்களுக்கு முன் திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் ஜன்னலைத் திறக்க முடியாது. தேயிலைத் தோட்டக் காற்று முகத்தில் பட வேண்டுமானால் மூன்றாம் வகுப்பே மேல். மண்சரிவு ஏற்பட்டால் பாதை மூடப்படும், திரும்பத் திறக்க வெகுநாள் ஆகலாம். புறப்படும் முன் ரயில் முழுத் தூரமும் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் பாறைமேல் கோட்டை கட்டிய சீகிரியாவுக்கு உச்சி வெயிலில் போவது தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. ஏறத்தாழ 1,200 படிகள் ஏற வேண்டும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். குளவிக்கூடுகள் உள்ள இடம் என்பதால் கூச்சல் போடாதீர்கள். பாறையில் தீட்டியிருக்கும் பழைய ஓவியங்களைப் படமெடுக்க அனுமதி இல்லை.

சீகிரியாவைப் பார்த்த கையோடு கண்டிக்குத் திரும்பி, பொலன்னறுவையை விட்டுவிடுவது தமிழர்கள் செய்யக்கூடாத தவறு. சோழர்கள் தலைநகராக்கி, ஜனநாதமங்கலம் என்று பெயரிட்ட ஊர் அது. அங்கே அவர்கள் எழுப்பிய வானவன் மாதேவி ஈச்சரம் என்ற சிவாலயம் தமிழ்க் கல்வெட்டுகளோடு இன்றும் நிற்கிறது. சற்றுத் தள்ளி, பராக்கிரமபாகு மன்னன் காலத்துக் ‘கல் விகாரை’ என்ற பௌத்த ஆலயத்தில் பாறையிலேயே செதுக்கிய பெரிய புத்தர் சிலைகள். இடிபாடுகள் பரந்து கிடப்பதால் வாடகை சைக்கிள்தான் தோது.

விகாரைகளில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும், செருப்பையும் கழற்ற வேண்டும். மதியத்தில் கல்தரை கால் வைக்க முடியாதபடி சுடும், ஒரு ஜோடி சாக்ஸ் இருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதை அங்கே அவமரியாதையாகப் பார்க்கிறார்கள். பௌர்ணமிதோறும் போயா விடுமுறை. அன்று மது விற்கமாட்டார்கள், விகாரைகளில் கூட்டம் இருக்கும். நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

இலங்கைக்குள் நுழைவதற்கான அனுமதிக்கு அரசு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் உள்ளன. சில நினைவுச்சின்னங்களில் சார்க் (இந்தியா உள்ளிட்ட தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு பாஸ்போர்ட் கேட்பார்கள். அறையில் பூட்டி வைத்துவிட்டு வந்தால் முழுக் கட்டணம்தான்.