ஈசிஆரில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குத் சென்னை திருவான்மியூருக்குத் தெற்கே ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்றால், பத்துப் பேர், இருபது பேர் என விளக்குகள் மினுங்கச் சைக்கிள்கள் கடந்து போவதைக் காணலாம். இவர்களோடு முதல் முறையாகச் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே சைக்கிள் பழகியவர்கள். ஆகவே கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றும் இல்லை என்று எண்ணி வருகிறார்கள். தனியாக ஓட்டும்போது நாம் செய்யும் பிழைக்கு நாமே விழுகிறோம், கூட்டத்தில் நாம் செய்யும் பிழைக்குப் பின்னால் வருபவர் விழுகிறார் என்பது முதல் விபத்தைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்குப் புரிகிறது.

தவறுகளில் முதன்மையானது, முன்னால் செல்பவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நம் முன்சக்கரத்தைக் கொண்டுபோய் நுழைப்பது. பேசிக்கொண்டே போகும்போது இது தெரியாமலே நடந்துவிடும். முன்னவர் ஒரு பள்ளத்தைத் தவிர்க்க ஒரு சாண் நகர்ந்தாலும் அவருடைய பின்சக்கரம் நம் முன்சக்கரத்தில் உரசும். அவருக்கு லேசான அதிர்வு மட்டுமே இருக்கும், நமக்கோ ஹேண்டில் பிடியை மீறிப் போய்விடும். விழுந்த நம்மீது பின்னால் வருபவர் ஏறுவார். புதியவர்கள் முன்னவருக்கு நேர் பின்னால், ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விட்டு, விரல்களைப் பிரேக்கின் மேல் வைத்தே ஓட்ட வேண்டும். முன்னால் போகிறவருக்கும் கடமை உண்டு. பள்ளமோ மணலோ தெரிந்தால் கையைக் கீழே காட்டி, “பள்ளம்!” என்று உரக்கச் சொல்ல வேண்டும், சொல்லாமல் திடீரென்று பிரேக் பிடிப்பதைப் போன்ற குற்றம் கூட்டத்தில் வேறில்லை. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் குரல் எதுவும் எட்டாது என்பதால், இயர்போனை வீட்டிலேயே விட்டு வருவது நல்லது.

அடுத்தது காற்றைக் கணக்கில் எடுக்காதது. வெயில் தணிந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில்தான் சென்னையில் புதியவர்கள் அதிகமாகச் சைக்கிளை எடுக்கிறார்கள். அவையே வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் மாதங்கள். மாமல்லபுரம் தெற்கே இருப்பதால், போகும் வழியெல்லாம் வாடைக்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். மணிக்கு 28 கிலோமீட்டர் வேகம் தம் கால்களின் வலிமையால்தான் வருகிறது என்று புதியவர் மனமார நம்பிவிடுவார். நானும் அப்படித்தான் நம்பினேன். திருவான்மியூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரை மகிழ்ச்சியாகக் கடந்து, கடற்கரைக் கோயில் பக்கம் இட்லி சாப்பிட்டுவிட்டு வடக்கே திரும்பியபோது, அதே காற்று முகத்தில் அறைந்தது. காற்றின் தடை, நாம் அதை எதிர்த்துச் செல்லும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், கொஞ்சம் வேகமாகக் காற்று அடித்தாலும் கால்கள் அதைப் பெரிதாக உணரும். மறைப்பதற்கு மரமோ கட்டடமோ இல்லாத முட்டுக்காடு பாலத்தில், என் வேகம் பதினான்குக்கு இறங்கியது. அந்த மாதங்களில் புறப்படுகிறவர் முதல் பயணத்தில் முட்டுக்காட்டோடு திரும்பிவிடலாம். அதற்கு மேல் போவதானால், உடலில் உள்ள வலுவில் பாதிக்கு மேல் திரும்பும் வழிக்காக ஒதுக்கிவைக்க வேண்டும்.

பஞ்சர் விஷயத்தில் நடக்கும் தவறு சற்று வேடிக்கையானது. விலை உயர்ந்த சைக்கிள்களின் ட்யூபில் பெரும்பாலும் பிரெஸ்டா என்னும் மெலிந்த வால்வு இருக்கும். சாலையோரப் பஞ்சர் கடையில் இருக்கும் காற்றுக் குழாயோ மோட்டார் சைக்கிள், கார்களின் தடித்த வால்வுக்கு உரியது; அது பிரெஸ்டாவின் தலையில் உட்காராது. கடைக்காரர் குழாயை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம சாமான் இல்லீங்க” என்று கையை விரிப்பார். சுண்டுவிரல் நுனி அளவே உள்ள பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்திருந்தால் அவர் கடையே போதும். மாற்று ட்யூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், கைப்பம்ப் ஆகியவற்றைச் சுமப்பதோடு, அவற்றைக் கொண்டு ஒரு முறையாவது வீட்டு வாசலில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். இருட்டில் இருபது பேரை நிறுத்திவைத்துக்கொண்டு கற்கத் தொடங்குவது நியாயமன்று.

நகருக்குள் வரும்போது, நிறுத்தத்தில் நிற்கும் மாநகரப் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவிலுள்ள சந்தில் நுழைவதை அறவே விட்டுவிட வேண்டும்; படியிலிருந்து இறங்குபவர் இடப்பக்கம் பார்த்து இறங்குவதில்லை. ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குவதும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்குகளை எரியவிடுவதும் யாரும் அறிந்தவையே. தண்ணீரைத் தாகம் எடுத்த பிறகு குடிப்பதும் ஒரு பிழைதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போவதால், வெறும் தண்ணீரோடு உப்புக் கரைசலோ, உப்பிட்ட மோரோ சேர வேண்டும்.

சில மாதங்கள் ஓட்டியவர்களைப் பிடிக்கும் தவறு வேறு வகையானது. அவர்கள் பிஆர்எம் எனப்படும் நெடுந்தூரப் பயணங்களுக்குப் பெயர் கொடுத்து, அவற்றைப் பந்தயம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் க்ளப் பாரிஸியன் வகுத்த விதிப்படி நடக்கும் இவற்றில் முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள்ளும், 300ஐ 20, 400ஐ 27, 600ஐ 40 மணி நேரத்துக்குள்ளும் முடித்தால் போதும். வழியில் அட்டையில் முத்திரை வாங்கும் இடங்கள் திறப்பதற்கும் மூடுவதற்கும் நேரம் உண்டு. 200 கிலோமீட்டர் பயணத்தில், மணிக்கு 34 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வருபவர், திறக்காத இடத்தின் முன்னால் காத்து நிற்க நேரிடும்.

வாகனங்களை நிறுத்திவிட்டுத் தெருவை மக்களுக்குத் திறந்துவிடும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகளில் வேறொரு பிழை நேர்கிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974இல் தொடங்கிய இவ்வழக்கம், இன்று அங்கே ஞாயிறுதோறும் காலை ஏழிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளில் நடக்கிறது. சென்னையில் பெசன்ட் நகரில் அத்தகைய காலைகளைப் பார்த்திருக்கிறோம். கார் இல்லாத சாலையைக் கண்டதும் வேகப் பிரியர்கள் அதைத் தம் பயிற்சிக் களமாக்கிக்கொள்கிறார்கள்; அங்கே ஸ்கேட்டிங் பழகும் ஆறு வயதுக் குழந்தை நேர்க்கோட்டில் போகாது. அவ்விடத்தில் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாகப் போனால் போதும், அவசரம் உள்ளவருக்கு ஈசிஆர் இருக்கிறது.

அந்த ஈசிஆரிலும், அதிகாலையில் ஹேண்டிலின் இருபுறமும் செய்தித்தாள் கட்டுகளைத் தொங்கவிட்டபடி மெல்லப் போகும் ஒருவரைப் பார்த்து, “ஓரம் போங்க!” என்று குழுவினர் கத்துவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் ஓரத்தில்தான் போய்க்கொண்டிருப்பார். அகலமாக வந்தவர்கள் நாம்.