வோல்ட்டும் ஆம்ப்பும் தெரிஞ்சா ஓம், வாட் எப்படி போடுறது

கணக்கு ரெண்டே வரிதாங்க. வோல்ட்ட ஆம்ப்பால வகுத்தா ஓம் (ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட்டுக்கு இருக்கற தடை), வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்கினா வாட் (பவர்). மொத வரி ஜெர்மனிக்காரர் ஜார்ஜ் ஓம் 1827ல புத்தகமா போட்டது, அவர் பேர்லயே யூனிட்டும் வந்துடுச்சு. ஒரு ஹீட்டர் காயிலுக்கு குறுக்க 12 வோல்ட் இருக்கு, அதுல 1.5 ஆம்ப் ஓடுதுன்னா 12 ÷ 1.5 = 8 ஓம், 12 × 1.5 = 18 வாட், அவ்ளோதான்.

ஆனா வகுக்கத் தெரியாம யாரும் இதுல சொதப்புறதில்ல, தப்பான வோல்ட்ட எடுத்து வகுக்கறதாலதான் சொதப்புது. நமக்கு வேணுங்கறது அந்த ஒரு பாகத்தோட ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கற வோல்ட், பேட்டரி மேல எழுதியிருக்கற வோல்ட் கிடையாது.

எல்இடிக்கு ரெசிஸ்டர் (கரண்ட்ட மட்டுப்படுத்தற பாகம்) போடுறத வச்சு பாருங்க புரியும். 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி, 20 மில்லிஆம்ப் ஓடணும். நெறைய பேர் 9 ÷ 0.02 போட்டு 450 ஓம்னு சொல்லிடுவாங்க. சிவப்பு எல்இடி சுமாரா 2 வோல்ட்ட தானே எடுத்துக்கும், அப்போ ரெசிஸ்டருக்கு மிச்சம் 7 வோல்ட்தான், 7 ÷ 0.02 = 350 ஓம். ஒரு எல்இடின்னா 450 போட்டாலும் கொஞ்சம் மங்கலா எரியும், பெரிய விஷயமில்ல, ஆனா அதே பேட்டரியில மூணு எல்இடிய வரிசையா சேர்த்தீங்கன்னா ரெசிஸ்டருக்கு 3 வோல்ட்தான் மிஞ்சும், அப்போ வேண்டியது 150 ஓம், நீங்க 450 போட்டா 7 மில்லிஆம்ப் கூட வராது, அப்புறம் எல்இடி மேல பழி போட்டுட்டு உக்காந்திருப்பீங்க.

350 ஓம்னு ரெசிஸ்டர் சாதாரணமா கெடைக்காது, அடுத்து மேல இருக்கற 390 எடுத்துக்கங்க. கரண்ட் 7 ÷ 390, அதாவது சுமார் 18 மில்லிஆம்ப். இப்போ வாட்டும் பாத்துடணும், 7 × 0.018 = 0.126 வாட். கால் வாட் ரெசிஸ்டர் இதுக்கு போதும். வர்ற வாட்டுக்கு சுமாரா ரெண்டு மடங்கு ரேட்டிங் இருக்கணும்னு நான் வச்சுக்குவேன், இல்லாட்டி தொட்டா சுடும். சந்தேகமா இருந்தா 47 ஓம் ரெசிஸ்டர 12 வோல்ட்ல நேரா போட்டா என்ன ஆகும்னு பேப்பர்ல போட்டு பாருங்க, 3 வாட்டுக்கு மேல வரும், கால் வாட் ரெசிஸ்டர் கருகிப் போயிடும்.

அடுத்த குழி மில்லிஆம்ப். 1000ஆல வகுத்து ஆம்ப்பா மாத்திட்டுதான் கணக்குல போடணும், மறந்தா விடை ஆயிரம் மடங்கு தப்பு. ஒரு குறுக்கு வழி இருக்கு: வோல்ட்ட மில்லிஆம்ப்பால வகுத்தா நேரா கிலோ ஓம், ரெண்டையும் பெருக்கினா மில்லிவாட். 5 வோல்ட், 2 மில்லிஆம்ப்னா 2.5 கிலோ ஓம், 10 மில்லிவாட்.

அளக்கறப்ப வோல்ட்ட பாகத்துக்கு குறுக்க வச்சு பாக்கணும், கரண்ட்டுக்கு ஒயர கழட்டி மீட்டர நடுவுல போடணும். நான் ஒருதரம் கரண்ட் பாத்துட்டு லீட்ட மாத்தாம அப்படியே பேட்டரிக்கு குறுக்க வச்சுட்டேன், மீட்டருக்குள்ள ஃப்யூஸ் போனதுகூட தெரியாம கரண்ட்டே வரலன்னு ஒரு மணி நேரம் சர்க்யூட்ட நோண்டிட்டு இருந்தேன். வீட்டு மெயின்ஸ் கரண்ட்ட இப்படி ஒயர கழட்டி அளக்காதீங்க, அதுக்கு ஒயர கழட்டாம சுத்திப் பிடிச்சே அளக்கற கிளாம்ப் மீட்டர் இருக்கு.

சரி, ஓம்தான் வேணும்னா மீட்டர ஓம்ல வச்சே பாத்துடலாமேன்னு தோணும். ரெசிஸ்டருக்கு சரிதான், இழை பல்புக்கு சரிப்படாது. 12 வோல்ட், 21 வாட் பல்பு எரியறப்ப 1.75 ஆம்ப் எடுக்கும், அதாவது கிட்டத்தட்ட 7 ஓம். அணைச்சு ஆறவிட்டு மீட்டர வச்சா 1 ஓம் பக்கத்துலதான் காட்டும். மீட்டர் கெட்டுப்போகல, டங்ஸ்டன் இழை சூடானா ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு ஏறும். பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடுற அந்த நொடியில போறதுக்கும் இந்த குளிர்ந்த இழை அப்போ ஏகப்பட்ட கரண்ட் இழுக்கறதுதான் முக்கிய காரணம்.

ஓம் ஏற்கனவே தெரியும்னா வாட்டுக்கு வோல்ட்ட வோல்ட்டாலயே பெருக்கி ஓமால வகுங்க. 10 ஓம் காயில்ல 12 வோல்ட் குடுத்தா 14.4 வாட், 24 குடுத்தா 57.6. வோல்ட் ரெண்டு மடங்குதான், சூடு நாலு மடங்கு. கரண்ட் மட்டும் தெரிஞ்சா ஆம்ப் × ஆம்ப் × ஓம்.

வீட்டு மெயின்ஸ்ல வர்ற ஏசி கரண்ட்லயும் (திசை மாறி மாறி ஓடறது) ஹீட்டர், இஸ்திரி பெட்டி மாதிரி வெறும் சூடாக்கற காயில்னா இதே கணக்கு அப்படியே செல்லும். மோட்டார்னா செல்லாது, அங்க வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்கினா வர்றது விஏ (வோல்ட்-ஆம்ப்), அத பவர் ஃபேக்டரால (விஏல எத்தனை பங்கு நெசமான வாட்டுன்னு சொல்ற எண்) பெருக்கினாதான் வாட். 230 வோல்ட்ல 2 ஆம்ப் எடுக்கற மோட்டாருக்கு பவர் ஃபேக்டர் 0.8னா 460 இல்ல, 368 வாட்.