கல்லூரிக் கட்டணம் நிலுவையில் இருக்கிறதா?

கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிச் சிறு தேயிலை விவசாயிகளின் வீடுகளில், பசுந்தேயிலைக்கான பணம் கைக்கு வரும் நாளும் பிள்ளையின் பருவக் கட்டணத்துக்கான கடைசி நாளும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. அப்போது கல்லூரியில் எதுவும் சொல்லாமல் இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. முதலில் தாமதக் கட்டணம் சேரும்; பிறகு தேர்வு நுழைவுச்சீட்டு நிறுத்தப்படலாம்; சில கல்லூரிகளில் பெயரையே நீக்கிவிட்டு, மறுசேர்க்கைக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். படிப்பு முடிந்த பின்னும், நிலுவையின்மைச் சான்று கிடைக்காமல் மாற்றுச் சான்றிதழ் தாமதமானால், கோவையில் மேற்படிப்புக்குக் கிடைத்த இடம் கைநழுவிப் போகக்கூடும்.

ஆகவே கடைசி நாளுக்கு முன்பே, தவணை கேட்டு முதல்வருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி கிடையாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, ரேஷன் அட்டை உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த அந்த ஒரு நகல்தான், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு நுழைவுச்சீட்டை வாங்கித் தந்தது.

மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லுங்கள். ஆனாலும் கட்டணப் பாக்கி அதனால் தீர்ந்துவிடாது. கல்வி உதவித்தொகை கணக்கில் வந்தால், வேறு செலவுக்கு எடுக்காமல் முதலில் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். வங்கிக் கல்விக்கடன் தேவையென்றால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.