அப்ஸ்கேலர் போட்டும் படம் மங்கலாக இருக்கிறதா? இந்தத் தவறுகளைப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் அம்மா வீட்டுக்கு 43 அங்குல 4கே டிவி வாங்கி மாட்டினோம். பழைய டப்பா டிவியில் பளிச்சென்று இருந்த தமிழ் சேனல்கள் எல்லாம் அதில் குழைந்து போய்த் தெரிந்தன. "புது டிவின்னு வாங்கிட்டு, மூஞ்சியே சரியா தெரியலையேடா" என்று அம்மா சொன்னதும், எஸ்.பி. ரோட்டுக்குப் போய், சின்னப் படத்தைப் பெரிய திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கித் தரும் அப்ஸ்கேலர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். படம் முன்பைவிட மோசமானது. குறை அந்தப் பெட்டியில் இல்லை, நான் இணைத்த விதத்தில்.

நம் நாட்டு எஸ்.டி. படம், அதாவது எச்.டி. அல்லாத சாதாரண சேனலின் படம், 720க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம். 4கே திரையில் கிட்டத்தட்ட 83 லட்சம். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு 20 இடத்தை நிரப்ப வேண்டும். இந்த வேலையை செட்டாப் பாக்ஸும் செய்யும், அப்ஸ்கேலரும் செய்யும், டிவியும் செய்யும். மூன்றும் மாறி மாறிக் கை வைத்தால் படம் கெட்டுத்தான் போகும்.

நிறைய பேர் செய்கிற பெரிய தவறு, செட்டாப் பாக்ஸை 1080ஐ-யிலேயே (1080i) விட்டுவிடுவது. எஸ்.டி. படம் நொடிக்கு 50 அரைப் படங்களாக வருகிறது, எண்ணுக்குப் பின்னால் வரும் 'ஐ' (i) இதைத்தான் குறிக்கிறது. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை. பாக்ஸ் அதைத் தன் இஷ்டத்துக்குப் பெரிதாக்கி அனுப்பிவிட்டால், பின்னால் எவ்வளவு நல்ல அப்ஸ்கேலர் இருந்தாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. சந்தேகமிருந்தால் திரையின் அடியில் ஓடுகிற ஃப்ளாஷ் நியூஸ் எழுத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். பாக்ஸின் செட்டிங்ஸில் 576ஐ (576i) என்று வைத்ததும் எங்கள் வீட்டில் அந்தப் பல் போய்விட்டது. ஆனால் அப்படியே விட்டால் எச்.டி. சேனலும் 576க்கு இறங்கிவிடும், அதனால் சேனல் வருகிற அளவிலேயே படத்தை அனுப்பும் 'நேட்டிவ்' என்று ஒரு தேர்வு இருந்தால் அதையே வையுங்கள்.

அடுத்தது மஞ்சள் பின் வயர். அதில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், சிவப்புப் புடவையின் கரையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. இருக்கும்போது இந்த வயர் வேண்டாம். ஆனால் ஒன்று, செட்டாப் பாக்ஸின் எச்.டி.எம்.ஐ. சிக்னலில் நகலெடுப்பதைத் தடுக்கும் எச்.டி.சி.பி. பூட்டு உண்டு, சில அப்ஸ்கேலர்கள் அதை ஏற்காமல் கறுப்புத் திரைதான் காட்டும், ஆகவே உங்கள் பாக்ஸையே கடைக்கு எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பழைய கல்யாண கேசட்டை வி.சி.ஆரில் பார்ப்பவர்களுக்கு மஞ்சள் வயரைத் தவிர வேறு வழி இருக்காது. அப்போது அப்ஸ்கேலரில் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. இல்லாமல் நம் நாட்டு முறையான 'பால்' (PAL) வையுங்கள், மாற்றி வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகலாம், உருளவும் செய்யலாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ. கன்வெர்ட்டரின் அட்டையில் 1080பி என்று இருக்கும். அது வடிவத்தை மாற்றித் தரும், தரத்தைக் கூட்டாது. பழைய கேம் கன்சோலுக்கென்று வரும், வரிகளை இரட்டிப்பாக்கும் லைன் டபுளர்களும் இதற்கு உதவாது, கேமுக்கு அருமையாக இருக்கும், சீரியலுக்கு வரிகள் நடுங்கும். அசைவைக் கவனித்து அரைப் படங்களைச் சேர்க்கிற டீஇன்டர்லேசிங் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஷார்ப்னெஸ்ஸை அப்ஸ்கேலர், டிவி என்று இரண்டு இடத்திலும் ஏற்றாதீர்கள். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தால் அது தெளிவு இல்லை. டிவியில் ஷார்ப்னெஸ்ஸைக் கோடு மறையும் வரை குறைத்து, படத்தில் மினுக்கும் பொடிப் புள்ளிகளைத் துடைக்கிற நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிடுங்கள். அந்தப் புள்ளிகளைப் படத்தைப் பெரிதாக்குவதற்கு முன்னால்தான் துடைக்க வேண்டும், அதனால் அந்த வேலை அப்ஸ்கேலருக்கு. சேனல்காரர்களே அளவுக்கு மீறிச் சுருக்கி அனுப்பியதால் வருகிற கட்டம் கட்டமான தோற்றத்தை ஓரளவுக்குத்தான் மறைக்க முடியும், போன விவரம் திரும்ப வராது.

பழைய டிவி அளவான 4:3 படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பவும் வேண்டாம், ஆட்கள் எல்லாம் குண்டாகத் தெரிவார்கள். உதடும் குரலும் ஒட்டாமல் போனால் படத்தைத் தாமதப்படுத்தாமல் காட்டும் டிவியின் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், காசு செலவழிப்பதற்கு முன்னால் பாக்ஸை நேட்டிவிலோ, அது இல்லாவிட்டால் 576ஐ-யிலோ வைத்து நேராக டிவியில் இணைத்து ஒரு வாரம் பாருங்கள். இப்போதைய நல்ல டிவிகளின் உள்ளேயே இந்த வேலை நன்றாக நடக்கிறது. அம்மா இப்போது அப்படித்தான் பார்க்கிறார், அப்ஸ்கேலர் வி.சி.ஆர். பக்கத்தில் கேசட்டுக்காக இருக்கிறது.